கொண்டைக்குள் இருக்கும் நுனி

அன்னாசியை நறுக்க உட்காருகிறவர் முதலில் அதன் கொண்டையைத்தான் திருகி எறிவார். புனேயின் வடமேற்கில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது கசார்வாடி. உள்ளூர் ரயில் பாதையில் தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் நடுவே வரும் நிலையம். 2022 மார்ச்சிலிருந்து மெட்ரோ ரயிலும் நெடுஞ்சாலைக்கு மேலே தூண்களில் ஓடுகிறது. அந்தத் தூண்களின் நிழலில் மாலையில் நிற்கும் பழவண்டிகளுக்கு அடியில் இப்படித் திருகி எறிந்த கொண்டைகள் கிடக்கும். மறுநாள் காலை குப்பை வண்டியில் போய்விடும். போகிற ஒவ்வொன்றும் உயிருள்ள செடி. அந்தப் பழத்தைத் தந்த அதே செடியின் வளரும் நுனி.

எந்தச் செடிக்கும் தண்டின் உச்சியில், ஊசிமுனை அளவுக்கு, ஓயாமல் பிரிந்து பெருகும் உயிரணுக்களின் குவியல் ஒன்று இருக்கிறது. வளர்நுனி என்று அதைச் சொல்வார்கள். இலைகளை உண்டாக்குவது அதுதான். பூக்கும் காலம் வந்ததும் அது இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூக்களை உண்டாக்கத் தொடங்கும். பெரும்பாலான செடிகளில் அந்த நுனியின் கதை அங்கே முடிந்துவிடுகிறது. நெல்லின் கதிருக்கு மேலே புதிய இலை வருவதில்லை; சூரியகாந்திப் பூவின் நடுவிலிருந்து தண்டு கிளம்புவதில்லை. அன்னாசியில் கதை வேறு. அதன் நுனி நூறிலிருந்து இருநூறு பூக்கள் வரை சுழல்சுழலாக அடுக்குகிறது. அடுக்கி முடித்த பிறகு, ஏதும் நடக்காததுபோல, மறுபடி இலைகளை விடத் தொடங்குகிறது. அந்தப் பூக்களின் அடிப்பகுதிகள் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைத்தான் நாம் பழம் என்கிறோம். தோலில் தெரியும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. நறுக்கும்போது நடுவில் நார்நாராகக் கடினமாக வருகிறதே, அது தண்டு. அந்தத் தண்டு பழத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய்க் கொண்டையாக விரிகிறது. ஆகவே கொண்டை பழத்தின் மேல் வைத்த அலங்காரம் இல்லை. பழம்தான் அந்தத் தண்டின் வழியில் நேர்ந்த ஓர் இடைநிகழ்வு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கொண்டையை நட்டுச் செடியாக்குவதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

கசார்வாடிக்கு வரும் அன்னாசியில் பெரும்பங்கு கேரளத்திலிருந்து, குறிப்பாக எர்ணாகுளம் மாவட்டத்தின் வாழக்குளம் வட்டாரத்திலிருந்து லாரியில் வருகிறது. 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. அங்கே கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அன்னாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அந்த ஊரில் பயிராவது மொரீஷியஸ் என்னும் வகை. இந்தியாவில் கடைகளில் பரவலாகத் தென்படும் இன்னொரு வகை கியூ. வண்டியில் கிடக்கும் கொண்டை எந்த வகை என்று அறிய, இலையின் ஓரத்தில் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தால் போதும். ஓரம் முழுக்க ரம்பம்போல் முள் இருந்தால் மொரீஷியஸ்; நுனியில் மட்டும் முள் இருந்து மற்ற இடம் வழவழப்பாக இருந்தால் கியூ. மொரீஷியஸ் பழம் சிறியது, ஒன்று ஒன்றரைக் கிலோ வரும், நல்ல மஞ்சள், மணமும் இனிப்பும் கூடுதல். கியூ பெரியது, வெளிர்மஞ்சள், சாறு மிகுந்தது. தொட்டியில் வளர்க்க நான் சொல்வது மொரீஷியஸைத்தான். செடியின் அளவு அடக்கமானது. முள்ளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே வகை அன்னாசிச் செடியின் மகரந்தம் அதே வகைப் பூவில் விழுந்தால் கரு உண்டாவதில்லை. மகரந்தக் குழல் பாதி வழியில் நின்றுவிடும். தோட்டம் முழுக்க ஒரே வகை என்பதால் நமக்குக் கொட்டையில்லாத பழம் கிடைக்கிறது. அன்னாசியின் தாயகமான தென் அமெரிக்காவில் தேன்குடிக்கும் ரீங்காரச் சிட்டுகள் வகைக்கு வகை மகரந்தத்தைக் கொண்டுபோய்க் கலந்துவிடும். பழத்தில் விதை வந்துவிடும் என்ற அச்சத்தில் ஹவாய்த் தீவில் அந்தப் பறவைகளைக் கொண்டுவரவே தடை இருக்கிறது. விதை இல்லாததால் மனிதர்கள் நூற்றாண்டுகளாகக் கொண்டையையும் பக்கக்கன்றையும் நட்டே இதைப் பெருக்கி வந்திருக்கிறார்கள். வாழக்குளத்துத் தோட்டத்தில் நிற்பதும் கசார்வாடி வண்டிக்கடியில் கிடப்பதும் மரபணுக்களின்படி ஒரே செடிதான்.

சரி, நடுவது எப்படி?

கொண்டையின் நடுக்குருத்து பச்சையாக, கெட்டியாக இருக்க வேண்டும். குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகிவிட்டது, வளர்நுனி போய்விட்டது, அதை விட்டுவிடலாம். சில கடைக்காரர்கள் குருத்தைத் தோண்டி எடுத்துவிட்டு விற்பார்கள், அதுவும் பயன்படாது. குளிர்பெட்டியில் நெடுநாள் இருந்த பழத்தின் கொண்டையும் வேண்டாம், குளிர் அந்த நுனியைக் கருக்கிவிடும். நல்ல கொண்டையாகப் பார்த்து, ஒரு கையில் பழத்தையும் மறு கையில் கொண்டையின் அடியையும் பிடித்துத் திருகினால் சிறு தண்டோடு கழன்று வரும். கத்தியால் வெட்டினால் பழச்சதை ஒட்டிக்கொண்டு வரும். அது அழுகும், எறும்பு வரும். ஒட்டியிருந்தால் சுத்தமாகச் சீவிவிட வேண்டும்.

பிறகு அடியிலுள்ள சிற்றிலைகளை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி உரிக்க வேண்டும். ஓர் அங்குலத் தண்டு வெளியே தெரியும்வரை உரித்தால் போதும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். உரித்த தண்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் சிறுசிறு புடைப்புகள் தெரியும். அவை வேரின் தொடக்கங்கள். சிலவற்றில் வேரே வெளியே வந்து, இலையின் அடியில் தண்டைச் சுற்றி வளைந்துகிடக்கும். ரோஜாக் குச்சியை நட்டால் அது வேரைப் புதிதாக உண்டாக்க வேண்டும்; அன்னாசிக் கொண்டை வேரை ஆயத்தமாக வைத்துக்கொண்டே பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வேர்விடும் ஊக்கப்பொடி எதுவும் இதற்குத் தேவையில்லை.

உரித்த கொண்டையை உடனே நடக் கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் தலைகீழாகக் காயவிட வேண்டும். உரித்த இடத்தில் காயம் ஆறித் தோல்போலக் கட்டிவிடும். அன்னாசியை மடியவைப்பதில் முதலிடம் குருத்தழுகலுக்குத்தான். ஈரத்தில் நீந்திவரும் ஃபைட்டோஃப்தோரா என்னும் நுண்ணுயிரி ஆறாத காயத்தின் வழியே புகுந்துவிடும். ஒரு வாரம் தண்ணீரில்லாமல் கிடந்தால் வாடிவிடாதா என்ற பயம் வேண்டாம். ஏன் என்பது பின்னால் வருகிறது. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வேர்விடச் செய்கிறவர்களும் உண்டு. வேர் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் மண்ணுக்கு மாற்றும்போது அந்த வேர்களில் பல முறியும். நேரே மண்ணில் நடுவதே நல்லது.

எந்த மண் என்பது புனேயில் சாதாரணக் கேள்வி இல்லை. தக்காணத்தின் எரிமலைப் பாறை உடைந்து உண்டான கரிசல் இந்த ஊர் மண். மழையில் பிசினாக ஒட்டும், வெயிலில் வெடிக்கும், சற்றே காரத்தன்மை உடையது. அன்னாசிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: தண்ணீர் உடனே வடிந்துவிடும், சற்றே அமிலமான மண். அமில கார அளவு 4.5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் அது களித்து வளரும். ஆகவே கட்டடத்துக் கீழே தோண்டிய மண்ணைத் தொட்டியில் போடக் கூடாது. நர்சரிகளில் ‘லால் மாத்தி’ என்று கேட்டால் செம்மண் கொடுப்பார்கள். அதில் இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, கைநிறையப் பொடிக்கல் அல்லது ஆற்றுமணல். முதல் சில மாதங்களுக்குச் சிறு தொட்டி. பிறகு பத்துப் பன்னிரண்டு அங்குல அகலமுள்ள தொட்டி. வேர் மேலோட்டமாகத்தான் பரவும், ஆழமான தொட்டி வேண்டாம்.

போர்வெல் தண்ணீரே ஊற்றினால் சில மாதங்களில் புதிய இலைகள் வெளுத்து மஞ்சளாகும். இரும்புச்சத்து கிடைக்காததுதான் காரணம், ஆனால் மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விடவில்லை. காரத்தன்மை ஏறும்போது அது வேர் உறிஞ்சமுடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஹவாயில் நூறாண்டுகளுக்கு முன் இதே மஞ்சள் நோய் பெரும் தோட்டங்களை வாட்டியது. அங்கே காரணம் மண்ணில் அளவுக்கு மீறி இருந்த மாங்கனீஸ். மேக்ஸ்வெல் ஜான்சன் என்ற வேதியியலாளர் 1916-இல் மண்ணை விட்டுவிட்டு இலையின் மேலேயே இரும்பு சல்பேட் கரைசலைத் தெளித்துப் பார்த்தார், செடிகள் பச்சையாகின. வேர் வழியே போக முடியாததை இலை வழியே கொடுப்பது அங்கே ஒரு தொழிலையே காப்பாற்றியது. நம் தொட்டிக்கும் அதே வழிதான்: அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று கிராம் கலந்து, மாலையில், மாதம் ஒருமுறை இலைமேல் தெளித்தால் போதும். அன்னாசி இலை இதற்கென்றே அமைந்தது. குழிந்த இலைகள் மழைநீரையும் பனியையும் நடுக்குருத்துக்கு வழிநடத்தும். இலையடியில் தேங்கும் நீரை அங்கிருந்தே செடி உறிஞ்சும், அந்த இடுக்குகளில் சிறு வேர்கள்கூட விடும்.

இப்போது இந்தச் செடியின் வியப்பான பழக்கத்துக்கு வருகிறேன். அது இரவில் மூச்சு வாங்குகிறது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, வெயிலின் ஆற்றலால் சர்க்கரை ஆக்குகின்றன. துளை திறந்திருக்கும்போது உள்ளிருக்கும் ஈரமும் ஆவியாகி வெளியே போய்விடும். அந்த இழப்பைத் தவிர்க்க முடியாது. ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க நெல், கோதுமை போன்றவை 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. அன்னாசி போன்ற செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும். காரணம், அவை வெயில் தணிந்து காற்று குளிர்ந்த பிறகு, இரவில் துளைகளைத் திறக்கின்றன. ஆனால் இரவில் வெயில் இல்லையே, பிடித்த வாயுவை என்ன செய்வது? அதை மாலிக் அமிலமாக மாற்றி, இலையின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் விடியும்வரை சேர்த்துவைக்கின்றன. பொழுது விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தை உடைத்து, வெளிவரும் வாயுவைக் கொண்டு உள்ளுக்குள்ளேயே சர்க்கரை சமைக்கின்றன.

இந்த வினோதத்தை ஆங்கில அறிவியல் உலகுக்கு எடுத்துச்சொன்னவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. பெஞ்சமின் ஹெய்னே என்ற ஜெர்மானியர் மொரேவியக் கிறித்தவச் சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, சென்னை மாகாணம் முழுக்க அலைந்தார். நம் வீடுகளில் ரணகள்ளி என்றும், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் சொல்கிற தடித்த இலைச்செடியை அவர் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. 1813-இல் இதைக் கடிதமாக எழுதினார். லண்டனின் லின்னேயன் சங்கம் 1815-இல் அதை அச்சிட்டது. புளிப்பு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதற்கு முழு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. எந்தக் கருவியும் இல்லாமல், ஒரே செடியை ஒரே நாளில் மூன்று வேளை கவனித்த மனிதரின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஹெய்னே 1819-இல் சென்னையில் இறந்தார். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இருந்தாக வேண்டும் என்பது என் எண்ணம்.

சோதித்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இலையை வாயில் வைக்க வேண்டாம். ரணகள்ளியில் நஞ்சும் உண்டு. விடியற்காலையில் ஓர் இலையையும், மாலையில் இன்னோர் இலையையும் கசக்கிச் சாற்றை அமில கார அளவு காட்டும் தாளில் தொட்டுப் பார்க்கலாம். நிறம் வேறுபடுவது கண்ணுக்கே தெரியும்.

இரவில் மூச்சு வாங்கும் பழக்கத்திலிருந்து வளர்ப்பு முறைகள் சில பிறக்கின்றன. ஒரு வாரம் காயவிட்ட கொண்டை பிழைத்திருப்பது இதனால்தான். துளைகளை மூடிக்கொண்டு உள்ளிருக்கும் நீரைக் காத்துக்கொள்ளும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் செடி அப்படியே நிற்கும். ஆனால் இதைச் சாக்கிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் விடுவது தவறு. மண்ணில் ஈரம் போதுமான அளவு இருந்தால் அன்னாசி பிற்பகலின் கடைசியிலும் துளைகளைத் திறந்து கூடுதல் வாயுவை வாங்கிக்கொள்ளும். வறண்டால் அந்தக் கூடுதல் வருமானம் நின்றுவிடும். வறட்சியில் அது சாகாது, வளரவும் செய்யாது. வாரம் இரண்டு முறை, மேல்மண் காய்ந்த பிறகு, குருத்திலும் கொஞ்சம் மண்ணிலும் கொஞ்சமாக ஊற்றுவது சரியாக இருக்கும்.

இரவு எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். வாழக்குளத்து இரவுகள் ஆண்டு முழுக்க இருபதைத் தாண்டியே இருக்கும். மழையும் மூவாயிரம் மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். புனே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரி மலைத்தொடரின் மழைமறைவில் இருக்கிறது. மழை அதில் நாலில் ஒரு பங்குதான். டிசம்பர், ஜனவரி இரவுகள் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். சிவாஜிநகர் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 17 அன்று 1.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. கசார்வாடியை ஒட்டிப் பவனா ஆறு ஓடுவதால் குளிர்காலக் காலைகளில் கரையோரக் குடியிருப்புகள் இன்னும் சில்லென்று இருக்கும். பதினைந்து டிகிரிக்குக் கீழே அன்னாசி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அதனால் கொண்டையை நட ஏற்ற காலம் பிப்ரவரி கடைசி, மார்ச். குளிர் போய்விட்டிருக்கும், மழை வருவதற்குள் வேர் பிடித்திருக்கும். ஜூலையில் நட்டால் அழுகும், நவம்பரில் நட்டால் தூங்கும்.

இத்தனை குளிரும் வெயிலும் இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்கு ஆக்ராவைக் காட்டலாம். போர்த்துகீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து மேற்குக் கரையில் இறக்கிய இந்தச் செடி, சில பத்தாண்டுகளுக்குள் முகலாயர் தோட்டத்துக்குப் போய்விட்டது. ஆக்ராவின் குல் அஃப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அன்னாசி விளைவதாக ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆக்ராவின் கோடையையும் பனியையும் தாங்கிய செடிக்குப் புனே பெரிய பாடு இல்லை.

தெற்கு அல்லது மேற்குப் பார்த்த பால்கனி நல்லது. குறைந்தது ஆறுமணி நேர வெயில் வேண்டும். மே மாதத்தில் இலை நுனி சிவந்து கருகினால் பகல் இரண்டு மணிக்கு மேல் ஒரு துணி மறைப்பு. இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளி மாவுபோல் படிந்திருப்பது நோய் இல்லை. செடியின் சொந்த நுண்செதில்கள், அவற்றின் கீழேதான் இலைத்துளைகள் ஒளிந்திருக்கின்றன. இலைக் கக்கத்தில் பஞ்சுபோல் திட்டுத்திட்டாக இருந்து, எறும்பும் போய்வந்தால் அது மாவுப்பூச்சி. அது இலைச்சாற்றை உறிஞ்சுவதோடு, இலையை வாடவைக்கும் வைரஸையும் பரப்பும். எறும்பைத் துரத்தினால்தான் மாவுப்பூச்சி போகும், ஏனென்றால் அதைக் காவல் காப்பதும் செடிக்குச் செடி தூக்கிச் செல்வதும் எறும்புதான். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் கல்வைத்து அதன்மேல் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசல்.

இப்படி ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு போகும். பக்கக்கன்றைவிடக் கொண்டை மெதுவானது. செடி பெரிதாகி, முப்பத்தைந்து நாற்பது இலைகளோடு நன்றாக விரிந்து நிற்கும். பூ மட்டும் வராது. பொறுமை இழந்து பலரும் விட்டுவிடுவது இங்கேதான். விட்டுவிடக் கூடாத இடமும் இதுதான்.

அன்னாசி எப்போது பூக்க வேண்டும் என்பதை ஒரு வாயு முடிவு செய்கிறது. அது தெரியவந்த விதம் அறிவியல் வரலாற்றின் நல்ல கதைகளில் ஒன்று. அட்லாண்டிக் கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் கூடங்களில் அன்னாசி வளர்ப்பார்கள். 1874-இல் ஒரு கூடத்தில் தற்செயலாகத் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தது. செடிகள் பாழாகிவிட்டன என்றே எண்ணினார்கள். சில வாரங்களில் அத்தனை செடிகளும் ஒரே சமயத்தில் பூத்தன. அதன்பிறகு அந்தத் தீவுக்காரர்கள் வேண்டுமென்றே கூடங்களில் புகை போட ஆரம்பித்தார்கள். புகையிலுள்ள எது பூக்கவைக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. இதற்கிடையே ரஷ்யாவின் நெல்யுபோவ் என்ற மாணவர் ஆய்வகத்தில் பட்டாணி முளைகள் கோணலாக வளர்வதைக் கண்டு, விளக்கு எரிக்கும் வாயுவில் கசியும் எத்திலீன்தான் காரணம் என்று 1901-இல் காட்டினார். 1932-இல் போர்ட்டோ ரிக்கோவில் ரோட்ரிகஸ் அன்னாசிக்கும் எத்திலீனே சாவி என்று நிறுவினார். 1934-இல் ரிச்சர்ட் கேன் பழுத்த ஆப்பிள்களிலிருந்து இந்த வாயு தானாகவே வெளிவருவதை நிரூபித்தார். அதாவது தாவரமே அதை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து வந்த புகை, செடி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் செய்தியை முன்கூட்டிச் சொல்லிவிட்டது.

செடி தானாக எப்போது சொல்லிக்கொள்கிறது? நாள் குறுகி, இரவு குளிர்ந்தால், வளர்நுனியை ஒட்டிய திசுக்களில் எத்திலீன் உற்பத்தி கூடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ட்ரூசோவும் பொட்டேயாவும் எத்திலீனை உண்டாக்கும் மரபணு ஒன்றை அன்னாசியில் அடக்கிவைத்துப் பார்த்தார்கள். அந்தச் செடிகள் தாமதமாகப் பூத்தன என்று 2006-இல் எழுதினார்கள். பெரிய தோட்டக்காரருக்கு இயற்கைப் பூப்பு ஒரு தொல்லை. ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு வாரம் பூத்தால் லாரி பிடித்து அனுப்ப முடியாது. அதனால் 25 பிபிஎம் அளவு எத்திபான், இரண்டு சதவீத யூரியா, 0.04 சதவீதக் கால்சியம் கார்பனேட் கலந்து, செடிக்கு 50 மில்லி குருத்தில் ஊற்றும் முறையை நம் நாட்டில் பரிந்துரைக்கிறார்கள். எத்திபான் அமில நீரில் நிலையாக இருக்கும். அமிலம் தணிந்தால் உடைந்து எத்திலீனை விடும். கார்பனேட் சேர்ப்பது அதற்குத்தான்.

கசார்வாடியில் ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு மருந்து தேவையில்லை. வளர்ச்சியை நிறுத்துகிறது என்று மேலே நாம் குறைகூறிய அந்தப் புனேக் குளிரே இங்கே உதவிக்கு வருகிறது. போதிய அளவு பெருத்த செடிக்கு டிசம்பர் இரவுகளே எத்திலீனைச் சுரக்கவைக்கும். சிறிய செடியாக இருந்தால் அதே குளிர் ஒன்றும் செய்யாது. ஆகவே முதல் குளிர்காலத்தில் பூக்கவில்லையே என்று வருந்தாமல், இரண்டாவது குளிர்காலத்துக்குள் செடியைப் பெருக்கவைப்பதுதான் வளர்ப்பவரின் வேலை.

அப்படியும் அசையாவிட்டால் நன்கு பழுத்த வாழைப்பழத்தையோ ஆப்பிளையோ துணையாக்கலாம். பாலித்தீன் பை ஒன்றால் செடியை மூடி, பழத்தை உள்ளே தொட்டி மண்மேல் வைத்து, மாலை வெயில் போன பிறகு கட்டி, விடிந்ததும் திறந்துவிட வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து செய்யலாம். ஏன் இரவில்? இலைத்துளைகள் அப்போதுதான் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பெருந்தோட்டங்களில் எத்திலீன் வாயுவைத் தெளிக்கும் வண்டிகள் இரவில் ஓடுவதும் இதற்காகத்தான். பகலில் மூடி வைத்தால் வாயு உள்ளே போகாது, செடி வெந்தும் போகும். கால்சியம் கார்பைடுக் கல்லைக் குருத்தில் போடும் வழக்கமும் சில நாடுகளில் உண்டு. அதிலிருந்து வரும் அசிட்டிலீன் அதே வேலையைச் செய்யும். ஆனால் கடையில் கிடைக்கும் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் எச்சங்கள் இருக்கும். பழுக்கவைக்க அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் சட்டப்படி குற்றம். வீட்டில் அது வரவே கூடாது.

ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து நடுக்குருத்து செக்கச்செவேலென்று மாறினால் வெற்றி. அந்தச் சிவப்பின் நடுவிலிருந்து மேலெழும் கதிரில், கீழிருந்து மேலாக, ஊதா நிறப் பூக்கள் தினமும் சில என்று விரியும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரே நாள் ஆயுள். தேன்சிட்டுகள் வந்து போனாலும் கவலையில்லை. பக்கத்தில் வேறு வகை அன்னாசி இல்லாதவரை விதை உண்டாகாது. பூவெல்லாம் வாடியபின் கண்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்வாகப் போகும் சுழல்கள் எட்டு, எதிர்ப்பக்கம் சாய்பவை பதின்மூன்று என்று பெரும்பாலும் வரும். உச்சியில் இலைகள் மறுபடி தலைகாட்டும்போது, வளர்நுனி வேலை மாறுவதை நேரிலேயே பார்க்கலாம்.

பூவிலிருந்து பழம் முதிர ஐந்தாறு மாதம். இதில் ஒரு செய்தியைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வாழையும் மாம்பழமும் மாவுச்சத்தைச் சேர்த்துவைத்திருக்கும். பறித்த பிறகு அதைச் சர்க்கரையாக மாற்றி இனிக்கும். அன்னாசியில் அப்படிச் சேமிப்பு இல்லை. அதன் இனிப்பு முழுதும் செடியிலிருந்து கடைசி வாரங்களில் வந்து சேர்வது. பறித்த நொடியில் அந்த வரவு நின்றுவிடும். பிறகு தோல் மஞ்சளாகலாம், மென்மையாகலாம், இனிப்பு மட்டும் ஏறாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வரவேண்டிய பழத்தைச் சற்றுக் காயாகத்தான் வெட்டியாக வேண்டும். தொட்டிப் பழத்துக்கு அந்த அவசரம் இல்லை. அடியிலிருந்து பாதிக்கு மேல் மஞ்சள் ஏறி, பால்கனிக் கதவைத் திறந்ததும் மணம் வந்தால் பறிக்கலாம். கடைப்பழத்தைவிடச் சிறியதாக இருக்கும். சுவை வேறு தரம்.

பழம் கனத்து ஒரு பக்கம் சாயும், ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டும். அணிலும் குரங்கும் வரும் இடமாக இருந்தால் வலை போட வேண்டும். நாக்கு அரிக்கிறது என்று சொல்வோர் பழத்தை நறுக்கிச் சிறிது உப்பு நீரில் போட்டுவைப்பது வழக்கம். அரிப்புக்குக் காரணம் புரோமிலின் என்னும் புரதம் செரிக்கும் நொதி. சூடாக்கினால் அது செயலிழந்துவிடும். அன்னாசி ரசம் நாக்கை அரிக்காததும் அதனால்தான்.

அறுவடைக்குப் பின் தாய்ச்செடியைப் பிடுங்க வேண்டாம். அதன் நுனி பழத்தோடு போய்விட்டதால் அந்தத் தண்டில் இன்னொரு பழம் வராது. ஆனால் இலைக் கக்கங்களில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் இப்போது விழித்துப் பக்கக்கன்றுகளாகக் கிளம்பும். தொட்டிக்கு ஒரு கன்று போதும். கெட்டியானதாக, அடியிலிருந்து வந்ததாகப் பார்த்து விட்டுவிட்டு, மற்றவற்றை ஒரு அடி உயரம் வளர்ந்ததும் திருகி எடுத்துத் தனித்தனித் தொட்டிகளில் நடலாம். விட்ட கன்று தாயின் வேரைப் பயன்படுத்திக்கொண்டு கொண்டையைவிட முன்னதாகவே பூக்கும். பழம் சற்றுச் சிறுக்கும். அதற்கு ஈடாக, பூக்கும் அளவு வருவதற்குள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கைப்பிடி எருவும், மாதம் ஒருமுறை இலைவழி ஊட்டமும் விடாமல் கொடுக்க வேண்டும்.